முதல் பந்திச் சாதம்

இங்கயே உக்காருங்கக்கா. அந்த மூட்டை மேல உக்காரலாம், அரிசி மூட்டைதான், அழுக்கில்ல. ஹால்ல மேளக்காரங்க இப்பதான் ஆரம்பிச்சிருக்காங்க, அந்தச் சத்தத்துல குழந்தை எங்க தூங்கும்? இந்த ஸ்டோர் ரூம்ல ஃபேனும் ஓடும், ஆம்பளைங்களும் வரமாட்டாங்க. நான் திரும்பி உக்காந்துக்கறேன், நீங்க கூச்சப்படாமப் பால் குடுங்க. எனக்கும் வீட்டுல ரெண்டரை வயசுல ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரியாதா.

நான் பாட்டுக்கு இலையை நறுக்கிட்டு இருப்பேன். நாளைக்கு முதல் பந்திக்கு அடுக்கி வைக்கணும்.

கோயமுத்தூர்ல இருந்தா வர்றீங்க? பொண்ணு வீட்டுச் சொந்தமா? சரி சரி.

என்ன கேட்டீங்க? ஆமாங்க, ஒவ்வொரு இலைக்கும் நுனி, நுனின்னு சொல்லிக்கிட்டேதான் அடுக்குவேன். கிறுக்குன்னு நெனைச்சுக்காதீங்க. அதுக்கு ஒரு கதை இருக்கு. உங்ககிட்டச் சொல்லலாம்தான். நாளைக்கு ஊருக்குப் போயிடுவீங்க, எங்க ஆளுங்க யாரையும் உங்களுக்குத் தெரியாது.

அதோ, கதவு வழியாப் பாருங்க. சாப்பாட்டு ஹால்ல மேசைக்குப் பேப்பர் விரிச்சிட்டு நிக்கறாங்களே, எங்க ஆளுங்க. எல்லாரும் மெரூன் சேலைதான். ஆனா உங்க கண்ணு நேரா யாருகிட்டப் போச்சு? பாத்தீங்களா. அவதான். அவதான் சுகந்தி. நான் கை காட்டாமலே கண்டுபிடிச்சிட்டீங்க. எல்லாரும் அப்படித்தான்.

ஒரே பீஸ்ல இருந்து வெட்டின சேலைங்க அது. எங்க காண்ட்ராக்டர் சிவசாமியண்ணன் மொத்தமா எடுத்துக் குடுத்தது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எது நடந்தாலும் பந்தி சப்ளைக்குப் பொம்பளைங்க வேணும்னா இந்தப் பக்கம் அவருகிட்டத்தான் சொல்லுவாங்க. பதினாலு பேரு இருக்கோம். அதே சேலை, அதே கரை. நான் கட்டினா யூனிபாரம். அவ கட்டினா பட்டு. அது என்ன மாயமோ.

எங்களுது பவானிப் பக்கம். தறிக்காரங்க குடியிருக்கற லைன் வீடு. எங்க வீட்டுல இருந்து மூணாவது வீடு அவளுது. நேர்ல அக்கான்னுதான் கூப்பிடுவேன், என்னைவிட ஆறு வயசு மூப்பு. மனசுக்குள்ள அவ, இவதான்.

அவளுக்கென்னங்க, வீட்டுல கேக்க ஆளில்ல. புருசன் மெட்ராஸ்ல இருக்கான்னு சொல்லுவா. நான் கல்யாணமாகி வந்து நாலு வருசத்துல ஒரு தீபாவளிக்குக்கூட அந்தாளைப் பாத்ததில்ல. எந்நேரத்துக்கு வந்தாலும் ஏன் இவ்வளவு நேரம்னு யாரும் கேக்கறதில்ல. ஒத்தப் பையனை வச்சுக்கிட்டுத் தனியா ராணியாட்டம் இருக்கா. எனக்கு அப்படியா? மாமியா, மாமனாரு, கொழுந்தனாரு, அப்புறம் என் வீட்டுக்காரரு, எங்க மாமா. எட்டு கண்ணு வாசல்லயே இருக்கும்.

நான் ஏழாவது வரைக்கும்தான் படிச்சேன். படிப்பு வராமக்கூட இல்ல, வாய் வராம. வகுப்புல ஆஜர் சொல்றதுக்கே நாக்கு ஒட்டிக்கும். பக்கத்துல இருக்கறவதான் "மேகலா வந்திருக்கா டீச்சர்"னு சொல்லுவா. ஒருநாள் அவ வரல. நானும் வரலன்னு டீச்சர் எழுதிட்டாங்க. நான் அங்கயேதான் உக்காந்திருந்தேன்.

சிரிங்க, பரவால்ல. எனக்கே சிரிப்புத்தான் வருது.

மித்ராவுக்கு ஒரு வயசு ஆகறதுக்கு முன்னாடியே எங்க மாமாவுக்குத் தறி நின்னு போச்சு. அப்ப சுகந்திதான் வந்து எங்க மாமியாகிட்டப் பேசினா. "அத்தை, மேகலாவை எங்கூட சப்ளைக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்"னா. நான் பாத்துக்கறேனாம். நான் என்ன கைக்குழந்தையா? எங்க மாமியா தன் கண்ணையே நம்பாதவங்க, அவ சொன்னதும் சரின்னுட்டாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சுது. "சுகந்தி மாதிரி நாலு பேருகிட்டப் பேசிப் பழகு. சுகந்தி மாதிரி நிமிந்து நட." காலையில காப்பிகூட சுகந்தி மாதிரிக் குடிக்கணும் போல.

இதைவிட ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எம்பொண்ணுக்கு முதமுதல்ல வந்த வார்த்தை அம்மா இல்லீங்க. "சுந்தி." என் இடுப்புல உக்காந்துக்கிட்டு அவ வீட்டுப் பக்கம் கையை நீட்டி, "சுந்தி." அன்னிக்கு நான் குழந்தையை இறக்கி விட்டுட்டு உள்ள போய் அழுதேன். யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

எங்க வேலையில ஒரு வரிசை இருக்குங்க. புதுசா வர்றவளுக்கு இலையும் தண்ணி பாட்டிலும். அதுல தேறினா உப்பு, ஊறுகாய். அப்புறம் பொரியல், கூட்டு. அப்புறம் சாம்பார் வாளி. எல்லாத்துக்கும் மேல சாதம். சாதம் எடுக்கறவதான் பந்தியை நடத்தறவ. அவ எங்க நிக்கறாளோ அங்கதான் சாம்பார் நிக்கும். அவ நகந்தாத்தான் ரசம் நகரும். சாப்பிடறவங்க நிமிந்து பாத்து ஒரு வார்த்தை பேசறதும் அவகிட்டத்தான். சுகந்தி நாலு வருசமா சாதம். முதல் தடவ வந்த ஊர்லகூட, ரசம் வர்றதுக்குள்ள "சுகந்தி, இங்க கொஞ்சம்"னு பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க.

நான் ஒன்றரை வருசம் இலையிலயே கெடந்தேன். அவ நெனைச்சிருந்தா என்னை மேல ஏத்தியிருக்கலாம். ஏத்தல. ரெண்டு தடவ வந்து, "மேகலா, ஊறுகா எடுக்கறியா?"ன்னு கேட்டா, இல்லேங்கல. நான் வேண்டாம்னு தலையாட்டிட்டேன். ஊறுகா வைக்கறதுன்னா ஒவ்வொரு ஆளு முகத்துக்கு நேராவும் குனியணுமே. ஆனா மூணாவது தடவ கேட்டிருக்கலாமில்ல? கேக்கல பாருங்க. அதுலயே தெரியலையா அவ மனசு?

போன வைகாசியில ஒரு முகூர்த்தம். கோபியில மண்டபம். அதுக்கு முந்தின நாளு அத்தாணியில ஒரு கருமாதிச் சாப்பாடு. அங்கயும் இலை நான்தான். நல்ல காரியத்துக்கு நுனி சாப்பிடறவங்களோட இடது கைப்பக்கம் வரணும், உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான். அதனால எனக்கு அது வலது பக்கம். ஒன்றரை வருசத்துல அது கைக்கே பழகிப் போச்சு. அத்தாணியில அந்த வீட்டுப் பெரியவர் கூடவே நின்னுக்கிட்டு, "எங்க வழக்கத்துல இதுக்கு நுனியை மாத்தித்தாம்மா போடணும்"னாரு. போட்டதை எல்லாம் எடுத்து மாத்திப் போட்டேன். ஏழு பந்தி. ஏழு பந்திக்கும் மாத்தி மாத்தி, கை அந்தப் பக்கமே திரும்பிக்கிச்சு.

மறுநாள் கோபி. பதினோரு மணிப் பந்தி. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டுக்கு. நாலு வரிசை, வரிசைக்கு இருபத்தஞ்சு இலை. நான் போட ஆரம்பிக்கறேன், வாசப்படியில சுகந்தி நிக்கறா. மாப்பிள்ளையோட அம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ கேக்கறாங்க, இவ என்னமோ சொல்றா, ரெண்டு பேரும் அப்படி ஒரு சிரிப்பு. காலையிலதான் பாத்திருக்காங்க ஒருத்தரையொருத்தர்! என்னதான் பேசுவாளோ, எனக்கு அதைக் கேக்கணும். கண்ணு அவமேல, கை இலைமேல. நாலு வரிசையும் போட்டு முடிச்சேன்.

அவதான் மொதல்ல பாத்தா. சாதம் எடுக்க உள்ள வந்தவ அப்படியே நின்னுட்டா.

"ஐயையோ மேகலா, நுனி!"

சத்தமாக்கூட இல்ல, காத்து மாதிரி சொன்னா. பாக்கறேன், நூறு இலையும் மாறிக் கெடக்கு. ஒண்ணு தப்பாப் போட்டாத் தெரியும்க்கா. நூறும் ஒரே மாதிரி தப்பாக் கெடந்தா சரியாட்டமே இருக்கு. அவ ஓடிப்போய் முதல் வரிசையில இருந்து திருப்ப ஆரம்பிச்சா. நான்? நின்னேன். கதவைத் திறந்துட்டாங்க.

மாப்பிள்ளையோட பெரியப்பா முன்னால வர்றாரு. பின்னால ஐம்பது பேரு. அவரு பாத்தப்ப சுகந்தி கையில ஒரு இலை, பாதி திருப்பினாப்புல. மத்ததெல்லாம் மாறிக் கெடக்கு.

"ஏம்மா, இது கல்யாண ஊடா, எழவு ஊடா?"

அந்த வார்த்தையில மேளமே நின்னு போன மாதிரி இருந்துச்சு. ஒரு பொம்பளை, "ஐயோ சாமி, பையன் இப்பதான் தாலி கட்டியிருக்கான்"னு வாயைப் பொத்திக்கிட்டாங்க. பொண்ணோட அப்பா வேர்த்து விறுவிறுத்து ஓடி வர்றாரு, கும்புட்ட கையை இறக்கவே இல்ல. சிவசாமியண்ணன் அடுப்படியில இருந்து பாஞ்சு வந்தாரு.

"எவ போட்டது? சொல்லுங்கடி, எவ போட்டது?"

சுகந்தி என்னைப் பாத்தா. ஒரே ஒரு பார்வை. எங்கூட வேலை செய்யறவங்களுக்கு இலை யாரு வேலைன்னு தெரியும். ஆனா எல்லாரும் வாளியும் கையுமா அடுப்படியில நின்னாங்க, கண்ணால பாத்தவங்க யாருமில்ல. நான் தரையைப் பாத்தேன்.

"நான்தானுங்ண்ணா. அவளுக்கு ஒத்தாசையாப் போட்டேன், கவனிக்கல"ன்னா.

அண்ணனுக்கு அந்த நேரத்துல யோசிக்க எங்க நேரம்? பெரியப்பா முன்னால யாரையாவது அனுப்பியாகணும். "வேன்ல போய் உக்காரு. நாளையில இருந்து வர வேண்டாம்." அவ்வளவுதான். அவ இலையைக் கீழ வச்சிட்டு, சரியா நுனியை இடது பக்கம் வச்சிட்டுத்தான், வெளிய போனா.

அப்ப என் மனசுல என்ன வந்துச்சுன்னு சொல்லட்டுமா? பாவம்னு வரணும். பயம் வரணும். எனக்கு வந்தது, ஐம்பது பேரும் அவளையே பாக்கறாங்களேன்னு. திட்டு வாங்கறதுலகூட அவதான் முன்னாடி. தப்புப் பண்ணது நான், என்னை ஒரு பய திரும்பிப் பாக்கல.

எல்லாரும் சேந்து ரெண்டு நிமிசத்துல இலையைத் திருப்பிட்டாங்க. பந்தி உக்காந்துருச்சு. இப்ப சாதத்துக்கு ஆள்? ஒவ்வொருத்தி கையிலயும் ஒண்ணு இருக்கு. இலை போட்டவ கைதான் சும்மா இருக்கும். அண்ணன் சுத்திப் பாத்தாரு, வேற வழியில்ல. "மேகலா, சாதத்தை எடு."

அந்தச் சாதப் பேசின் என்ன கனம்னு நெனைக்கறீங்க. ஆனா தூக்கி இடுப்புல வச்சேன் பாருங்க, இடுப்பு அதுவா வளைஞ்சு பிடிச்சுக்கிச்சு. ரெண்டு வருசமா மித்ராவைச் சுமக்கற இடுப்பில்ல. சாதம் துள்ளாது, அழுகாது, முடியைப் பிடிச்சு இழுக்காது. முதல் இலைக்குக் குனியறப்ப கண்ணை மூடிக்கிட்டேன்னு நெனைக்கறேன். ரெண்டாவது இலை, மூணாவது இலை. ஆறாவது இலையில கை தானா ஓட ஆரம்பிச்சுது. நான் நிக்கறேன், பின்னால சாம்பார் வாளியோட கண்ணம்மக்கா நிக்கறாங்க. நான் நகர்றேன், அவங்க நகர்றாங்க. என் பின்னால ஒரு வரிசையே வருதுங்க! எனக்கு அதுக்கு முன்னால என் பின்னால எதுவும் வந்ததில்ல.

ஒரு ஆளு போதும்னு கை மறிச்சாரு. "இன்னொரு கை போட்டுக்குங்க"ன்னேன். நானாத்தான் சொன்னேன். எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல.

மாப்பிள்ளையோட அம்மா நிமிந்து பாத்தாங்க. "உம்பேரென்ன கண்ணு?"

"மேகலாங்க."

"நல்லாப் போடறே மேகலா."

முதல் பந்தி முடிஞ்சுது. அண்ணன் வந்து தோளைத் தட்டாத குறைதான். "நீ இவ்வளவு செய்வேன்னு தெரியாமப் போச்சே. இனிமே சாதம் நீ எடுத்துக்க." பாத்துக்குங்க. ஒன்றரை வருசமா ஆசைப்பட்டது, அவ இடம், என் கைக்கு வந்துருச்சு. நான் வாயைத் திறக்காம நின்னாப் போதும். திறக்காம இருக்கறதுதான் எனக்கு நல்லா வருமே.

ரெண்டாவது பந்திக்கு இலை விரிக்கற நேரத்துல ஒரு தட்டுல கேசரியும் சாதமும் வச்சுக்கிட்டு வேனுக்குப் போனேன். அக்கறைன்னு நெனைச்சுக்காதீங்க. அழுகறாளான்னு பாக்கத்தான் போனேன். அவ அழுது நான் பாத்ததே இல்ல.

அழுகல. யூனிபாரத்தை அவுத்துட்டு, வந்தப்பக் கட்டியிருந்த நீலச் சேலையைக் கட்டியிருந்தா. அந்த மெரூன் சேலையை மடிச்சு மடியில வச்சிருந்தா, கடையில இருக்கற மாதிரி மடிப்பு.

"இதை அண்ணன்கிட்டக் குடுத்துரு மேகலா. சாதம் யாரு எடுத்தா?"

"நான்."

"கை நடுங்குச்சா?"

"இல்ல."

"நீ எடுப்பேன்னு எனக்குத் தெரியும். எப்பவோ எடுத்திருக்க வேண்டியவ." சொல்லிட்டுச் சிரிக்கறா. வேலை போய் உக்காந்திருக்கா, எனக்கு சர்ட்டிபிகேட் குடுக்கறா!

எனக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறுச்சு. "உங்களை யாருக்கா ஒத்துக்கச் சொன்னது? நான் கேட்டேனா?"

"நீ சொல்லுவியான்னுதான் உன்னைப் பாத்தேன். கொஞ்ச நேரம் பாத்தேன். அந்தாளு கத்தறாரு, நீ வாயைத் திறக்கல. பின்ன என்ன பண்றது, பந்தி நிக்குதில்ல."

"அதுக்கு?"

"அதுக்கென்ன அதுக்கு? நீ குழந்தைக்காரி. உன் வீட்டுக்காரருக்குத் தறி இன்னும் ஓடல. எனக்கு நாலு காண்ட்ராக்டரைத் தெரியும், வாய் இருக்கு, பொழைச்சுக்குவேன். உனக்கு வாய் வராது. விடு."

உனக்கு வாய் வராது. விடு.

அவ கோவமாச் சொல்லலக்கா. கோவமாச் சொல்லியிருந்தாப் பரவால்ல. இந்தப் புள்ளைக்கு ஒரு கால் ஊனம்னு சொல்ற மாதிரி, அவ்வளவு சாதாரணமாச் சொன்னா. சொல்லிட்டு நான் கொண்டு போன கேசரியை எடுத்துத் திங்க ஆரம்பிச்சுட்டா.

எனக்கு அங்கதான் புரிஞ்சுது. நான் தூக்கின பேசின், எனக்கு வந்த பேரு, "நல்லாப் போடறே மேகலா", அத்தனையும் அவ போட்டது. எனக்குன்னு ஒரு நாளு வருது, அதையும் அவதான் எனக்குக் குடுக்கணுமா? நான் சாகற வரைக்கும் சாதம் எடுத்தாலும் அது அவ விட்டுக் குடுத்த சாதம். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைவிட இலையே போடலாம்.

எல்லாரும் பின்னால சொன்னாங்க, மேகலாவுக்கு மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னான்னு. மனசாட்சியும் இல்ல ஒண்ணுமில்ல. பொறாமைதான். அவளுக்குக் கடன்பட்டு நிக்க என்னால முடியல. உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?

நேரா உள்ள வந்தேன். ரெண்டாவது பந்தி உக்காந்தாச்சு. முதல் பந்தியில கோவத்துல சாப்பிடாமப் போன அந்தப் பெரியப்பாவை எப்படியோ சமாதானப்படுத்தி நடு வரிசையில உக்கார வச்சிருக்காங்க. நான் பேசினை எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு வரிசையில வந்தேன். அவரு இலைக்கு முன்னால வந்ததும் நின்னுட்டேன்.

வாய் வரல.

அவரு நிமிந்து பாத்தாரு. மீசை வெள்ளை. கண்ணு இன்னும் சிவப்பு. பின்னால கண்ணம்மக்கா, "ஏய், போடுடி, வாளி கனக்குது"ங்கறாங்க. எனக்குக் காதுல அந்த ஒரு வார்த்தைதான் ஓடுது. வாய் வராது விடு, வாய் வராது விடு.

"இலையைத் திருப்பிப் போட்டது சுகந்தி இல்லீங்க. நான்!"

பேசிப் பழக்கமில்லாதவளுக்கு எவ்வளவு சத்தம் போதும்னு தெரியாதுங்களே. அந்த ஹாலே திரும்பிருச்சு. கை கழுவற இடத்துல நின்னவங்ககூட எட்டிப் பாத்தாங்க. ஆரம்பிச்சாச்சு, நிறுத்தவும் தெரியல.

"நேத்து அத்தாணிக் கருமாதியில மாத்திப் போட்ட கைங்க. அதே கை இங்கயும் போட்டுருச்சு. சுகந்தியக்கா சரி பண்ணத்தான் வந்தாங்க. பழியை அவங்க ஏத்துக்கிட்டாங்க. நான் சும்மா நின்னுட்டேன். வேன்ல உக்காந்திருக்காங்க. நான் போறேன், அவங்களைக் கூப்பிடுங்க."

கல்யாண மண்டபத்துல நின்னுக்கிட்டுக் கருமாதி, கருமாதின்னு கத்தறேன். சிவசாமியண்ணன் ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டாரு. பெரியப்பா என்னையே பாத்தாரு. நானும் அவரையே பாத்தேன். வேற எங்க பாக்கறதுன்னு தெரியல. இடுப்புல பேசின் ஆடவே இல்ல.

"சரி, மொதல்ல சாதத்தைப் போடு கண்ணு. பசிக்குது"ன்னாரு.

போட்டேன்.

"இன்னும் கொஞ்சம் போடு."

போட்டேன்.

அப்புறம் அண்ணனைப் பாத்து, "அந்தப் புள்ளையைக் கூப்பிடுங்க. பாயசம் அது கையால வரட்டும்"னாரு. மன்னிப்பெல்லாம் கேக்கல. அந்த வயசு ஆம்பளைக்கு அதுதான் மன்னிப்பு.

அண்ணனே போய்க் கூட்டிட்டு வந்தாரு. எல்லாரும் மெரூன். அவ மட்டும் நீலம். பளிச்சுன்னு வர்றா. ஹாலே அவளைத்தான் பாக்குது. "அடுத்தவ தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்டாளாம், இந்தக் காலத்துல யாரு இருக்கா"ன்னு பொம்பளைங்க எல்லாம் உச்சுக் கொட்டறாங்க. மாப்பிள்ளையோட அம்மா அவ கன்னத்தை வழிச்சு நெட்டி முறிக்கறாங்க. உண்மையைச் சொன்னது நானுங்க! தொண்டை கிழியச் சொன்னது நான். பேரு அவளுக்குப் போச்சு. எங்கேயாவது அடுக்குமா இது?

சாயங்காலம் வேன்ல அண்ணன் முன் சீட்டுல இருந்து திரும்பாமயே, "ஆவணி வரைக்கும் உனக்கு இலைதான்"னாரு. சரின்னேன். பாதி வழி தாண்டறப்பத்தான் கண்ணம்மக்கா என் பக்கம் திரும்பி, "ஏன்டி, இத்தனை சத்தத்தை எங்கடி வச்சிருந்தே?"ன்னாங்க. வேனே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சுகந்தி சிரிக்கல. ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. வேன்ல தூசு அதிகம்.

அதுக்கப்புறம் எனக்கு வாய் கொஞ்சம் வருதுங்க. ஒரு தடவ அவ்வளவு பெரிய சத்தம் போட்டுட்டா, சின்னச் சத்தத்துக்கு என்ன பயம்? ரேஷன் கடையில என் முறையை நான் விடறதில்ல. போன மாசம் எங்க மாமியா, "சுகந்தி மாதிரி"ன்னு ஆரம்பிச்சாங்க. "சுகந்தி மாதிரி எனக்கு வராதுங்கத்தை. மேகலா மாதிரி வேணும்னா பேசறேன், கேக்கறீங்களா?"ன்னேன். எங்க மாமா சோத்துல கை வச்சபடி அப்படியே இருந்தாரு. மாமியா மறுநாள் எனக்குக் காப்பி போட்டு வச்சிருந்தாங்க.

தூங்கிருச்சா? மெதுவா அந்தத் துணி மேல படுக்க வைங்க. ஈ வராது.

இன்னிக்குத் தேதிக்கு ஆவணி பொறந்து நாலு நாளு. வேன்ல வர்றப்பவே நான் அண்ணன்கிட்டக் கேட்டுட்டேன். அவரா கூப்பிட்டுக் குடுக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கல. சுகந்தி சொல்லட்டும்னும் இருக்கல. நானே, பதிமூணு பேருக்கும் காதுல விழற மாதிரி. "அண்ணா, நீங்க சொன்ன ஆவணி வந்துருச்சு. நாளைக்கு முதல் பந்திக்குச் சாதம் நான் எடுக்கறேன்."

"சுகந்தி என்ன பண்றது?"ன்னாரு.

"அதை அவங்ககிட்டக் கேளுங்க. எனக்கு என்ன வேணும்னு நான் சொல்லிட்டேன்."

அண்ணன் சுகந்தியைத் திரும்பிப் பாத்தாரு. நானும் பாத்தேன். நாலு வருசமா அவ இடம். முகம் கொஞ்சமாவது சுண்டணுமா இல்லையா? சுண்டும், பாக்கலாம்னு கண்ணை எடுக்காமப் பாக்கறேன்.

"அப்ப நாளைக்கு இலை நான் போடறேன்"னா. அப்படியே பூத்த முகமா. "இலை போட்டு நாளாச்சு"ன்னு வேற சொல்றா.

சொல்லுங்கக்கா, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. நான் இத்தனை வருசமா அவளைப் பாத்துப் பாத்து வெந்திருக்கேன். ஒரு நாளு, ஒரே ஒரு நிமிசம், அவளுக்கு என்மேல கொஞ்சம் பொறாமை வந்தா என்ன குறைஞ்சு போகும்? நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், வரவே மாட்டேங்குது.

நாளைக்கு முதல் பந்திக்கே வந்துருங்க. அவளுக்கு நான் வர வைக்கறேன்.